உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளை முதலில் எழுதியது யார்?

'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய அதே மேரி ஷெல்லிதான் என்பேன். நாவல் பெயர் 'தி லாஸ்ட் மேன்', வெளிவந்தது 1826-இல். அதற்கும் முன்னால், 1805-இல், கிரான்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒன்று எழுதியிருக்கிறார். ஆனால் அதில் உலகம் முடிவது கடவுளின் ஏற்பாட்டின்படி. மேரியின் கதையில் வருவது கொள்ளைநோய். மருந்து கிடையாது, ஏன் வந்தது என்பதற்கு விளக்கமும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. மூன்று பாகம் கொண்ட நாவல், முதல் பாகம் முழுக்கக் காதலும் அரசியலும் நீள நீளமான வசனமும்தான். நான் இரண்டு தடவை அங்கேயே மூடி வைத்துவிட்டேன். நோய் தலைகாட்டுவதே இரண்டாம் பாகத்தில். கதை நடப்பது 21ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஊருக்கு ஊர் பலூனில் போகிறார்கள், சண்டைக்கு மட்டும் குதிரை!

மூன்றாவது தடவை முடிக்க வைத்தது அவர் வாழ்க்கையைப் பற்றிப் படித்தது. 1818-இல் மகள் கிளாரா வெனிஸில் இறந்தாள். மறுவருடம் ரோமில் மூன்று வயது மகன் வில்லியம். 1822-இல் கணவர் பெர்சி ஷெல்லி படகோடு கடலில் மூழ்கிப் போனார். 1824 மே மாத நாட்குறிப்பில், கூட இருந்தவர்கள் எல்லாம் போய்த் தான் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருப்பதாகவும், அந்தக் கடைசி மனிதனின் மனசு தனக்குத் தெரியும் என்றும் எழுதுகிறார். மறுநாள் அவர்களின் நண்பரான ஆங்கிலக் கவிஞர் பைரன் கிரீஸில் இறந்த செய்தி வருகிறது.

இப்போது நாவலைப் பாருங்கள். ரேமண்ட் அப்படியே பைரன். ஏட்ரியன் பெர்சியின் சாயல். நோய்க்குத் தப்பிய அவன் கடைசியில் படகு கவிழ்ந்துதான் சாகிறான். கூடவே மூழ்கும் பெண்ணின் பெயர் கிளாரா. மிஞ்சிய ஒரே ஆளான வெர்னி தன்னந்தனியாக நடந்து போய்ச் சேரும் ஊர் ரோம், வில்லியமைப் புதைத்த ஊர். துணைக்கு ஒரு நாய். அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

இவ்வளவு கனம் வேண்டாம் என்றால் ஜாக் லண்டனின் 'தி ஸ்கார்லெட் பிளேக்' (1912) எடுங்கள், ஒரே மாலையில் முடித்துவிடலாம். 2013-இல் நோய் வந்து உலகமே காலி. அறுபது வருடம் கழித்து ஒரு பழைய பேராசிரியர் பேரன்களுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார். அவர் பேசும் வார்த்தைகளில் பாதி பையன்களுக்குப் புரிவதில்லை, கேலி செய்கிறார்கள். அவர் கதை சொல்லும் வருடம் 2073. மேரியின் நாவலில் இங்கிலாந்தின் கடைசி மன்னர் முடி துறப்பதும் அதே 2073-இல்தான்.