லீசுக்கு விடலாமா? (கடிதம்)

வணக்கம் சார்,

போன மாதம் ரிட்டயர் ஆனேன். ராமமூர்த்தி நகரில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்திருக்கிறேன். வாடகைக்கு விட்டால் மாதம் 15,000 வரும். லீசுக்கு விட்டால் மாத வாடகை கிடையாது; ஆள் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய 12 லட்சத்தை மொத்தமாக வாங்கி, 9 சதவீத வட்டியில் ஓடும் பேங்க் கடனை அடைத்துவிடலாம், பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டால் ஒரு வில்லங்கமும் வராது என்கிறார் புரோக்கர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

வாடகைக்கே விடுங்கள்.

லீசுக்கு விட்டால் வருடத்துக்கு 1,80,000 ரூபாய் வாடகையை விடுகிறீர்கள். 12 லட்சத்துக்கு அது 15 சதவீத வட்டி. ஒன்பது வட்டிக் கடனை அடைக்கப் பதினைந்து வட்டிக் கடனா?

அல்சூரில் எங்கள் மாடியை அம்மா ஏழு லட்சத்துக்கு லீசுக்கு விட்டார். பணம் அக்கா கல்யாணத்தில் கரைந்தது. அப்புறம் எல்லாரும் செய்வதுதான்: அடுத்து வருபவரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பது. 2020 ஊரடங்கில் வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை. மாடியில் இருந்தவருக்கு வேலை போய்விட்டது. பணத்தைக் கொடுங்கள், சேலத்துக்குப் போகிறேன் என்றார். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். அம்மா பால் வாங்கப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். சொந்த வீட்டில்! கடைசியில் நகையை அடகு வைத்துக் கொடுத்தோம். நியாயம் அவர் பக்கம்தான். பேங்க்காரர் என்றால் நாற்காலி போட்டிருக்க மாட்டார்.

பதினோரு மாதக் கதையும் கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் மாதம் ஆளைக் கிளப்பிவிடும் மந்திரம் அந்தத் தாளில் இல்லை.

வாடகைக்கு வருபவரும் கிளம்ப மறுக்கலாம்தான். கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையைத் தொடுவதில்லை. ஆகவே உங்களுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம்தான். அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மாத வாடகைக்காரருக்கு 15 நாள் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் சிவில் கோர்ட். கோபத்தில் பூட்டுப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே கோர்ட் அவரை உள்ளே அனுப்பலாம்.

அட்வான்ஸை பேங்க் வழியாக வாங்கி, தொடாமல் டெபாசிட்டில் போடுங்கள். கரண்ட் மீட்டர் உங்கள் பெயரில் இருக்கும். பாக்கி வைத்துவிட்டுப் போனால் தலைவலி உங்களுக்கு. அப்புறம், சொத்து வரிப் படிவத்தில் மாடியையும் 'சொந்தக் குடியிருப்பு' என்று காட்டிவிடாதீர்கள். வாடகைப் பகுதிக்கு இங்கே இரட்டிப்பு விகிதம். புரோக்கர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.