வாடகைக் காரும் டோலும்: தண்டம் அழாமல் தப்புவது எப்படி? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் ஜூலை 4 விடுமுறை நெருங்குகிறது. பாதிப் பேர் வாடகைக் காரில் மாநிலம் தாண்டிப் போகப் போகிறீர்கள் என்று கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. விமான நிலையத்து வாடகைக் கார் கவுன்டர் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் நின்றவன் என்பதுதான் என் ஒரே தகுதி. ஆகவே டோல் பற்றி மட்டும் கேளுங்கள். காப்பீடு, ஹோட்டல், வழியில் எங்கே இட்லி கிடைக்கும் என்பதெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள்.

குழந்தைக்கு முடியிறக்க பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போகிறோம். ஏழு பேர் என்பதால் வாடகை வேன். வீட்டுக் காரில் ஈஸிபாஸ் (டோலைத் தானாகக் கழிக்கும் டேக்) இருக்கிறது. அதைக் கழற்றி எடுத்துப் போகலாமா, வாடகை நிறுவனமே டோலைக் கட்டிவிட்டு நம்மிடம் வாங்கிக்கொள்ளும் என்று கவுன்டரில் சொல்லும் டோல் திட்டத்தில் சேரலாமா?
மீனா, எடிசன், நியூஜெர்சி

கழற்றி எடுத்துப் போங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

உங்கள் வழியில் டோல் இரண்டே இடம்தான். 78ஆம் நெடுஞ்சாலையில் டெலவேர் ஆற்றைத் தாண்டும் பாலம் ஒன்று. அங்கே மேற்கே போகும்போது மட்டும் கட்டணம், திரும்பும்போது இல்லை. அடுத்தது பென்சில்வேனியா டர்ன்பைக். ஹாரிஸ்பர்க் பக்கம் ஏறி மன்ரோவில்லில் இறங்குவீர்கள். போகவும் வரவும் கட்ட வேண்டும். 1940இல் திறந்த அந்தச் சாலையில் 2020 முதல் காசை வாங்க ஆளே கிடையாது. ஈஸிபாஸ் இருந்தால் ஒரு விலை. இல்லாவிட்டால் கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும், விலை ஏறக்குறைய இரட்டிப்பு. வாடகை நிறுவனத்தின் திட்டத்தில் போனால் பெரும்பாலும் சலுகையில்லாத விலைதான் உங்கள் தலையில் விழும். அதற்கு மேல் நாள் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. சில நிறுவனங்கள் டோல் கடந்த நாளுக்கு மட்டும் அதைப் போடும். சில நிறுவனங்களில் ஒரே ஒரு சாவடியைக் கடந்தால் போதும், வண்டி ஹோட்டல் வாசலில் சும்மா நின்ற நாளுக்கும் சேர்த்துப் போடும். கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “நாள் கட்டணம் டோல் கடந்த நாளுக்கு மட்டுமா, வாடகை நாள் முழுவதுக்குமா?” எங்களிடம் இப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களிடம் நாங்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவோம்.

வண்டியில் ஏறியதும் முன் கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒட்டியிருக்கலாம். தீப்பெட்டி போலவே அதில் தள்ளித் திறக்கும் பகுதி உண்டு. மூடியிருந்தால் உள்ளே இருக்கும் வாடகை நிறுவனத்தின் டேக்கைச் சாவடியின் ஆன்டெனா படிக்காது. திறந்திருந்தால் படித்துவிடும், நீங்கள் திட்டத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. பின்சீட்டுக் குழந்தைகளுக்கு அது விளையாட்டுப் பொருள் என்பதை மறக்காதீர்கள். மூடியிருப்பதை ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். உங்கள் டேக்கை அதிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். இரண்டும் படிக்கப்பட்டால் இரண்டு கணக்கிலும் பணம் போகும்.

அடுத்து, கிளம்பும் முன்பே, வாகன நிறுத்தத்தில் நின்றபடியே, உங்கள் ஈஸிபாஸ் கணக்கில் அந்த வேனின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். டேக் படிக்காமல் போனாலும் கேமரா எண்ணைப் பிடித்து உங்கள் கணக்கைத் தேடி வரும். எண்ணை மட்டும் போட்டால் போதாது, மாநிலமும் சரியாக இருக்க வேண்டும். நியூஜெர்சியில் எடுத்த வண்டியில் ஃப்ளோரிடா பிளேட் இருப்பது வாடகைக் கார்களில் சகஜம். ஓ என்ற எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் பாருங்கள்.

இனி என் பல்லவி, இன்று பலமுறை கேட்பீர்கள்: வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். பதினோரு ஆண்டு ஊருக்கு உபதேசம் செய்த நானே ஒருமுறை மறந்தேன். ஆறு வாரம் கழித்து, வீட்டு வாசலில் நான் பனி வாரிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலையில், என் கணக்கு பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்தைக் கடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த வண்டியில் வாஷிங்டன் போயிருக்கிறார்.

என் டேக் இல்லினாய் மாநிலத்தினுடையது, கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். அதை எடுத்துப் போகலாமா?
ராஜ்குமார், நேப்பர்வில்

பிய்த்தால் செத்துவிடும். வண்டி எண்ணைக் கணக்கில் சேர்த்து எண்ணை நம்பிப் போகலாம். ஆனால் சில இடங்களில் டேக் விலை கிடைக்காது. அடிக்கடி பயணம் செய்பவரென்றால் பெட்டி வகை டேக் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பியதும் எண்ணை நீக்குங்கள்.

கோல்டன் கேட் பாலத்தை ஒரே ஒரு முறை கடக்கிறோம். அதற்காக ஃபாஸ்ட்ராக் (கலிபோர்னியாவின் டோல் டேக்) கணக்கு தொடங்க வேண்டுமா? எங்களிடம் இருப்பது ஈஸிபாஸ்.
சுதா, பாஸ்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிறவர்

ஈஸிபாஸ் கலிபோர்னியாவில் செல்லாது, பயணப் பெட்டியிலேயே இருக்கட்டும். கணக்கும் தேவையில்லை. அந்தப் பாலத்தில் 2013 மார்ச் முதல் காசு வாங்கும் ஆளில்லை. தெற்கே, அதாவது நகரத்துக்குள் வரும் திசையில் மட்டும்தான் கட்டணம். வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்தில் ஒருமுறைக் கட்டணம் செலுத்தலாம். கடப்பதற்கு 30 நாள் முன்பிருந்து, கடந்த 48 மணி நேரத்துக்குள். முன்கூட்டியே கட்டிவிடுங்கள், கடற்கரையில் நின்று படம் எடுத்த மகிழ்ச்சியில் 48 மணி நேரம் ஓடிவிடும்.

இந்தப் பாலத்துக்கு ஒரு வழக்குக் கதையும் உண்டு. பாலத்தைக் கடந்த வாடகைக் கார்க்காரர்களைத் தானாகவே டோல் திட்டத்தில் சேர்த்து, வாடகை நாள் முழுவதுக்கும் கட்டணம் போட்டதாகச் சொல்லி, ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் மீதும் அதன் டோல் பங்காளி நிறுவனம் மீதும் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் 2017இல் வழக்குத் தொடுத்தார். 2019இல் 36.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நாள் கட்டணத்தைப் பற்றி நான் பிலாக்கணம் வைக்கிறேன் என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

ஈஸிபாஸ் சிகாகோவில் செல்லுமா?
பாலா, ஷார்லட்

செல்லும்.

ஹூஸ்டனில்?
கவிதா, நியூஜெர்சி

செல்லாது.

ஆர்லாண்டோவில் செல்லுமா? டிஸ்னிக்குப் போகிறோம்.
பிரபு, கொலம்பஸ்

செல்லும், 2021 முதல் ஃப்ளோரிடா முழுவதும். டேக்கே இல்லாதவர்களுக்கும் அந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விமான நிலையத்திலேயே வாடகைக் கார்க்காரர்களுக்கு விசிட்டர் டோல் பாஸ் இலவசமாகத் தருகிறார்கள். உள்கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடும் அட்டை. திரும்பும்போது அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறலாம். கட்டுவது டோல் மட்டும், நாள் கட்டணம் கிடையாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்த புத்தி எப்போது வருமோ.

நான் கோவையில் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டல்லாஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நயாகரா பார்க்க பஃபலோவில் வாடகைக் கார் எடுத்தோம். மகனின் டெக்சாஸ் டேக் அங்கே செல்லவில்லை. எங்கள் நாட்டில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே ஃபாஸ்டேக். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில் ஏன் இந்த அலங்கோலம்?
பெயர் வேண்டாம்

ஐயா, கேள்வி நியாயமானது. உங்கள் மகனின் டேக் டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சஸ் வரை பேசும், நியூயார்க்கில் ஊமை. இங்கே ஒவ்வொரு டோல் சாலையும் தனித்தனி வாரியத்தின் கையில். அவரவர் கடன் பத்திரம், அவரவர் கணக்கு, டேக்கோடு பேச அவரவர் வானொலி மொழி. வடகிழக்கில் மட்டும் காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் இடையில் மூன்று மாநிலத்தைத் தாண்டிவிடலாம் என்பதால் அங்கிருந்த வாரியங்கள் சேர்ந்து 1993இல் ஈஸிபாஸைக் கொண்டுவந்தன. கலிபோர்னியா தன் மொழியைத் தானே சட்டத்தில் எழுதிக்கொண்டது. எல்லா டேக்கும் எல்லா இடத்திலும் செல்ல வேண்டும் என்று 2012இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கெடு 2016 அக்டோபர் 1. கெடு போய்விட்டது, டேக்குகள் அப்படியே இருக்கின்றன.

நிறைவேற்றாவிட்டால் தண்டனை உண்டு என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்களா? நாங்கள் 2021 பிப்ரவரியில் டேக் இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் என்றோம். ஊரே ஒட்டிக்கொண்டது.
மேற்படி பொறியாளர்

எழுதவில்லை, பணமும் ஒதுக்கவில்லை. அந்த அடி எனக்கு விழத்தான் வேண்டும். ஆனால் ஐயா, ஃபாஸ்டேக் வண்டியோடு ஒட்டிப் பிறந்தது. ஒரு வண்டிக்கு ஒரு டேக். கையில் வைத்துக் காட்டினால் கறுப்புப் பட்டியலில் போடுகிறார்கள். என் ஈஸிபாஸை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எந்த வாடகைக் காரிலும் ஒட்டலாம்.

பொறியாளர் ஐயாவுக்கே என் ஓட்டு. சென்னையில் வாடகைக் கார் எடுத்து மதுரை போனேன். ஓட்டுநர் டோல் ரசீதுகளைக் கூட்டிக் கடைசியில் அதே தொகையை பில்லில் சேர்த்தார். நாள் கட்டணம் என்று ஒரு பைசா இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
தேன்மொழி, ஆஸ்டின்

ஒன்றும் சொல்வதற்கில்லை. அது சரியான முறை. இங்கே கவுன்டரில் அந்த ஓட்டுநர் நின்றிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

நான் மறுக்கிறேன். ஃபாஸ்டேக்கில் ஒரே சாவடியில் இரண்டு முறை பணம் எடுத்து, திரும்பப் பெற எனக்கு மாதங்கள் ஆயின.
அருண், சியாட்டில்

தம்பி, இரண்டு முறை எடுப்பது இங்கேயும் நடக்கிறதென்று இவரே மேலே எழுதியிருக்கிறார், படியுங்கள்.
பொறியாளர்

இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். இன்னும் பல கேள்விகள் காத்திருக்கின்றன.

டொரன்டோவில் வாடகைக் கார் எடுத்து நியூஜெர்சிக்குக் கல்யாணத்துக்கு வாறோம். ஈஸிபாஸ் வாங்கினால் டொரன்டோ பக்கம் உள்ள 407 டோல் நெடுஞ்சாலைக்கும் உதவுமோ?
சிவா, மார்க்கம்

உதவாது. 407க்குத் தனி டேக், தனிக் கேமரா. பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வரும். நெரிசலைப் பொறுத்துக்கொண்டு 401ஆம் நெடுஞ்சாலையிலேயே வாருங்கள், அது இலவசம். எல்லை தாண்டியபின் நியூயார்க் த்ரூவே என்ற டோல் சாலையில் ஈஸிபாஸ் வேண்டும். எண்ணைச் சேர்க்கும்போது மாநிலம் என்ற இடத்தில் ஒன்டாரியோ என்று தேர்வு செய்யுங்கள். திரும்பியதும் நீக்குங்கள்.

மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவுக்குச் சாப்பிடப் போக வாடகைக் காரில் எவ்வளவு ஆகும்?
விஜி, ஜெர்சி சிட்டி

சாப்பாட்டைவிட அதிகம். நீங்கள் போகும் உணவகம் 60ஆம் தெருவுக்குத் தெற்கே இருந்தால் 2025 ஜனவரி முதல் நெரிசல் கட்டணம் உண்டு: ஈஸிபாஸுடன் பகலில் 9 டாலர், இரவில் 2.25. டேக் இல்லாமல் எண்ணை வைத்து பில் வந்தால் பகலுக்கு 13.50. ஒரு நாளைக்கு ஒருமுறைதான். லிங்கன், ஹாலண்டு சுரங்க வழியாகப் பகலில் டேக்குடன் வந்தால் 3 டாலர் கழிவு. ஆனால் சுரங்கத்துக்கே தனி டோல், நியூயார்க்குக்குள் நுழையும்போது. ரயிலில் போங்கள்.

வாஷிங்டன் பக்கம் டோல் வாங்கும் விரைவுத் தடங்களில் காரில் மூன்று பேர் இருந்தால் இலவசமாமே? நாங்கள் ஐந்து பேர்.
மகேஷ், ராலே

வர்ஜீனியாவில் இலவசம்தான், ஆனால் ஃப்ளெக்ஸ் வகை டேக் வேண்டும். அதில் உள்ள விசையை ஆள் சேர்ந்த பயணம் என்ற பக்கம் தள்ளியிருக்க வேண்டும். சாதாரண டேக்கோடு போனால் ஐந்து பேர் என்ன, ஐம்பது பேர் இருந்தாலும் முழு விலை. 66ஆம் சாலையில் அந்த விலை நெரிசல் நேரத்தில் 40 டாலரைத் தாண்டியதுண்டு.

டோல் பாக்கி என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது, இணைப்பை அழுத்தலாமா?
லதா, டெட்ராய்ட்

அழுத்தாதீர்கள். 2024இலேயே எஃப்.பி.ஐ. எச்சரித்த மோசடி.

ஈஸிபாஸ் லாஸ் ஏஞ்சலஸில் செல்லுமா?
குமார், ஹார்ட்ஃபோர்டு

லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாவில் இருக்கிறது. சுதாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிட்ஸ்பர்க் கோவிலுக்கு வாடகைக் காரில் போகிறோம், ஈஸிபாஸ் இருக்கிறது…
முரளி, பிரிட்ஜ்வாட்டர்

முதல் கேள்வி. உங்கள் ஊரிலேயே பெருமாள் இருக்கிறார் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

வேனை எடுத்துவிட்டோம். பெட்டி மூடியிருக்கிறது, படம் எடுத்தேன். பிளேட் நீங்கள் சொன்னபடியே ஃப்ளோரிடா! எண்ணையும் சேர்த்துவிட்டேன். ஆனால் வாடகை முடியும் தேதியைக் கேட்கவே இல்லையே?
மீனா, எடிசன்

சில கணக்குகளில் கேட்கும், சிலவற்றில் கேட்காது. கேட்காவிட்டால் வண்டி திருப்பிக் கொடுக்கும் நேரத்துக்கு உங்கள் தொலைபேசியில் அலாரம் வையுங்கள். உங்கள் கணவரின் தொலைபேசியிலும் ஒன்று. பழைய எண்ணை நீக்கும்போது அவசரத்தில் வீட்டுக் காரின் எண்ணை நீக்கிவிடாதீர்கள். அதுவும் நடந்திருக்கிறது, யாருக்கென்று கேட்க வேண்டாம்.