வாசக்டமிக்குப் பிறகு மீண்டும் ஒரு குழந்தை: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

ஆண்களுக்கு வாசக்டமி என்னும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின்போது துண்டித்த விந்துக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி இம்முறை மனைவியரே மிகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

என் கணவர் முதல் மனைவி இருந்தபோது, 11 ஆண்டுகளுக்கு முன், வாசக்டமி செய்துகொண்டவர். எனக்கு வயது 35. இணைப்பு செய்தால் குழந்தை பிறக்குமா? (அம்மாப்பேட்டை)

வாய்ப்பு உண்டு, ஆனால் அது உங்கள் கணவரின் உடலை மட்டும் பொறுத்ததன்று. அமெரிக்காவில் 1,469 இணைப்பு அறுவைகளை ஆராய்ந்து 1991ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் இணைத்துக்கொண்டவர்களில் 97 விழுக்காட்டினருக்கு விந்தணு திரும்பியது. 76 விழுக்காட்டுத் தம்பதியர் கருவுற்றனர். 9 முதல் 14 ஆண்டுகள் கழித்து இணைத்துக்கொண்டவர்களுக்கு அந்த எண்கள் 79, 44 எனக் குறைந்தன. விந்தணு திரும்புவதற்கும் கரு தங்குவதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைக் கவனியுங்கள். அதற்கு ஒரு காரணம், வாசக்டமிக்குப் பின் பல ஆண்களின் உடலில் விந்தணுவுக்கு எதிராகவே உருவாகும் எதிர்ப்பொருள். இன்னொரு பெரிய காரணம் மனைவியின் வயது.

ஆகவே கணவருக்கு அறுவை சிகிச்சை நாள் குறிப்பதற்கு முன்பே, சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையையும், கருக்குழாய் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரேயையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து ஓராண்டு காத்திருந்த பிறகு, மனைவியின் இரண்டு கருக்குழாய்களும் அடைபட்டிருப்பதை அறிந்துகொண்ட ஒரு தம்பதியை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓராண்டை யாராலும் அவர்களுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை வெளிப்படையாகக் கேளுங்கள். அறுவையின்போது விரைப்பக்கக் குழாய் முனையிலிருந்து வரும் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தொட்டு வைத்து, அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். துளி தெளிவாக இருந்தாலோ, அதில் விந்தணு தெரிந்தாலோ குழாயோடு குழாயை நேராக இணைத்துவிடலாம். பற்பசையைப் போலக் கெட்டியாக, அணுவே இல்லாமல் வந்தால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள். அப்போது விரையின் மேல் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்னும் மெல்லிய குழலோடு இணைக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குக் கூடுதல் பயிற்சி தேவை. பத்தாண்டு கடந்தவர்களுக்கு இது தேவைப்படுவது அரிதன்று என்பதால், “இதையும் நீங்களே செய்வீர்களா?” என்று கேட்பதில் தவறே இல்லை.

கணவர் காபித் தோட்டத்தில் மூட்டை தூக்குபவர். எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது? (ஏற்காடு)

பாரம் தூக்குவதை மூன்று, நான்கு வாரங்களுக்கு அறவே நிறுத்த வேண்டும். மேஸ்திரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்த பிறகு நாள் குறித்தால் கூலி இழப்பும் குறையும், அவரும் நிம்மதியாகப் படுத்திருப்பார். விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையை மருத்துவர் சொல்லும் வரை அணிய வேண்டும். தாம்பத்திய உறவு பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்துத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் குலுங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம்; முதல் ஓரிரு நாள் சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. காய்ச்சலோ, வேகமாகப் பெருகும் வீக்கமோ கண்டால் காத்திருக்கக் கூடாது.

பின்னர் விந்துப் பரிசோதனைக்கு வரும்போது மாதிரியை வீட்டில் எடுத்து மலையிலிருந்து கொண்டுவராதீர்கள். அது ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே, பரிசோதகர் கைக்குச் சேர வேண்டும். ஆய்வகத்திலேயே கொடுப்பதுதான் சரி.

கணவருக்கு இணைப்பு செய்து நான்கு மாதம் ஆகிறது. விந்தணு இருக்கிறது, ஆனால் அசைவு குறைவு என்கிறார்கள். அவர் கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருக்குபவர். (செவ்வாய்ப்பேட்டை)

விந்தணு இருப்பதே நல்ல சேதி. ஓர் அணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எபிடிடிமிஸோடு இணைத்திருந்தால் அணுக்கள் திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். எனவே ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு, மூன்று மாத இடைவெளியில் மறுபடி பாருங்கள். உலையின் சூடு விந்தணுவுக்கு ஆகாது. உருக்கும் வேலையைச் சில மாதம் வேறொருவரிடம் விட்டுவிட்டு அவர் பற்றவைப்பிலோ மெருகிலோ உட்கார முடியுமா என்று பாருங்கள். புகை, புகையிலை இரண்டையும் விட வேண்டும். ‘தெம்புக்கு’ என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் கேட்காதீர்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அறிக்கை வந்ததிலிருந்து கணவர் பேசுவதில்லை. மாமியார் மாதந்தோறும் “விசேஷம் உண்டா?” என்று கேட்கிறார். (கொண்டலாம்பட்டி)

மாமியாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவரிடம் விடுங்கள். அவர் தாயிடம் அவரே ஒரு முறை பேசினால் போதும். கணவரிடம் நீங்கள் பரிசோதனை பற்றிப் பேச வாரத்தில் ஒரு வேளையை ஒதுக்கிக்கொண்டு, மற்ற நாள்களில் அந்தப் பேச்சை எடுக்காமலிருங்கள். நாள்காட்டியில் வட்டம் போட்டு, ‘இன்றுதான் நாள்’ என்று கட்டளையிடுவதால் ஆண்கள் சுருங்கிப்போவதை நான் அடிக்கடி காண்கிறேன். முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும் கருத்தரிக்க ஏற்றவை. அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும், கணக்கு உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

எனக்கு 40 வயது. இணைப்பை விட்டுவிட்டு நேராகச் சோதனைக்குழாய் முறைக்குப் போகலாமா? (ஆத்தூர்)

உங்கள் வயதில் அதை முதலிலேயே எண்ணிப்பார்ப்பது நியாயம்தான். விரையிலிருந்து ஊசி மூலம் விந்தணுவை எடுத்து, இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். அதற்குக் குழாய் இணைப்பே தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி இச்சிகிச்சைக்குப் பெண்ணின் வயது 50க்கும் ஆணின் வயது 55க்கும் மேற்படக் கூடாது என்பதால், கணவரின் வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். இணைப்பையே விரும்பினால், அறுவையின்போதே கொஞ்சம் விந்தணுவை எடுத்து உறையவைக்க இயலுமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.