மூணு மாத்திரைக்கும் ஃபிட்ஸ் நிக்கல, தம்பியை புது மருந்து ட்ரையல்ல சேர்க்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் தம்பிக்கு 24 வயசு, நாலு வருஷமா ஃபிட்ஸ். கீழ விழுந்து கை கால் வெட்டி இழுத்தது ரெண்டே தடவைதான். மத்தபடி மாசத்துக்கு மூணு நாலு தடவை, வயித்துல இருந்து ஏதோ தொண்டைக்கு ஏறி வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லுவான், உடனே அப்படியே வெறிச்சுப் பாப்பான், வாய் எதையோ மெல்லுற மாதிரி அசையும், ஒரு கை சட்டை பட்டனைத் தடவிக்கிட்டே இருக்கும், கூப்பிட்டா பதில் வராது. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவான், ஆனா எதுவுமே ஞாபகம் இருக்காது. முதல்ல லெவெடிரசெட்டம் கொடுத்தாங்க, கண்டபடி கோபம் வந்துச்சு, மூணாவது வாரமே நிறுத்திட்டாங்க. அப்புறம் கார்பமாசெபின் ஃபுல் டோஸ்ல ஒன்றரை வருஷம். இப்போ அதோட லாமோட்ரிஜினும். மூளையோட மின் அலையைப் பாக்குற இ.இ.ஜி டெஸ்ட் ரெண்டு தடவை நார்மல், எம்.ஆர்.ஐ ஸ்கேனும் நார்மல். ஒன்றரை வயசுல காய்ச்சல் வந்தப்போ அரை மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. இப்போ ஒரு புது மருந்து ட்ரையல்ல சேர்றீங்களான்னு கேக்குறாங்க. அதுல சில பேருக்கு வெறும் டம்மி மாத்திரைதான் கிடைக்குமாமே? தம்பியை சோதனை எலி ஆக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: நல்லா கவனிச்சு எழுதிருக்கீங்கம்மா. நிறைய பேர் "ஃபிட்ஸ் வருது டாக்டர்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க, நீங்க எழுதுன இந்த நாலு வரி, ரெண்டு நார்மல் இ.இ.ஜி-யை விட எனக்கு அதிகம் சொல்லுது. வயித்துல இருந்து ஏறுற அந்த உணர்வு, வெறிச்ச பார்வை, மெல்லுற வாய், பட்டனைத் தடவுற கை, குழந்தையா இருக்கும்போது காய்ச்சல்ல வந்த நீண்ட வலிப்பு, இத்தனையும் சேர்த்துப் பாத்தா காதுக்கு உள்பக்கமா இருக்குற டெம்போரல் லோப்ல இருந்து கிளம்புற வலிப்பா இருக்க வாய்ப்பு அதிகம். நேர்ல பாக்காம முடிவா சொல்ல முடியாது, ஆனா சந்தேகம் அங்கதான் போகுது. ட்ரையல் பத்தி கேட்டீங்க, அதுக்கு வரேன், அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒண்ணு விட்டுப் போயிருக்கு, அதைச் சொல்லிடுறேன்.

மூணு மாத்திரை கேக்கலன்னு எழுதிருக்கீங்க. எங்க கணக்குல அது மூணு இல்ல. லெவெடிரசெட்டம் தோத்துப் போகல, கோபம்ங்கற சைட் எஃபெக்ட்டால டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே நின்னு போச்சு, அவ்வளவுதான். (அந்த மருந்துக்கு அது தெரிஞ்ச குணம்தான், உங்க தம்பி மேல தப்பு இல்ல, வீட்டுல சண்டை நடந்திருந்தா அதை மறந்துடுங்க.) சரியான டோஸ்ல, உடம்பு தாங்கி, போதுமான நாள் சாப்பிட்டும் ஃபிட்ஸ் வந்தாதான் தோல்வின்னு எடுத்துக்கணும். அப்படிப் பாத்தா கார்பமாசெபின் ஒண்ணு. லாமோட்ரிஜின் ரெண்டாவதா இருக்கலாம், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, கார்பமாசெபின் கூட சாப்பிட்டா ரத்தத்துல லாமோட்ரிஜின் அளவு குறைஞ்சுடும், அதனால வழக்கத்தை விட கூடுதல் டோஸ் வேணும், அந்த டோஸ் கொடுத்தாங்களான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கொடுத்தும் நிக்கலன்னா ரெண்டு தோல்வி ஆச்சு. இப்படி ரெண்டு மருந்து தோத்தாலே மருந்துக்கு அடங்காத வலிப்புன்னு சொல்லலாம்னு சர்வதேச வலிப்பு எதிர்ப்பு லீக் 2010-ல வரையறை வச்சுது.

ரெண்டுலயே ஏன் நிறுத்திக்கிட்டாங்க, பத்து மருந்து இருக்கேன்னு தோணும். கிளாஸ்கோல ஒரு ஆய்வு, 2000-ல வெளிவந்தது. அதுவரை மாத்திரையே சாப்பிடாத 470 பேரை எடுத்துக்கிட்டு தொடர்ந்து பாத்தாங்க. முதல் மருந்துலயே 47 சதவீதம் பேருக்கு முழுசா நின்னு போச்சு. ரெண்டாவது இல்லன்னா மூணாவது மருந்துல நின்னது இன்னும் ஒரு 14 சதவீதம். ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்னது வெறும் 3 சதவீதம். அதுக்கப்புறம் எவ்வளவோ புது மாத்திரை வந்துடுச்சு, சைட் எஃபெக்ட் குறைஞ்சிருக்கு, ஆனா இந்தக் கணக்கு பெருசா மாறல. அதனாலதான் ரெண்டு தோத்ததும் அடுத்த மாத்திரைக்கு ஓடாம, முதல்ல இருந்து திரும்பிப் பாக்கணும்னு சொல்றோம்.

அதுல முதல் கேள்வியே கொஞ்சம் சங்கடமானது, இது வலிப்புதானா? மயக்கம் போட்டு விழுறவங்களுக்குக் கூட கை கால் துடிக்கும், 1994-ல ஜெர்மனியில ஆரோக்கியமான ஆட்களை வேணும்னே மயக்கம் போட வச்சு வீடியோ எடுத்தாங்க, முழுசா நினைவு போனவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்தத் துடிப்பு இருந்துச்சு. பாக்குறவங்க எல்லாம் ஃபிட்ஸ்னுதான் சொல்லிருப்பாங்க. இது போக மன அழுத்தத்தால வர்ற, வலிப்பு மாதிரியே இருக்குற அட்டாக்கும் உண்டு, அதுக்கு வருஷக்கணக்கா வலிப்பு மாத்திரை சாப்பிட்டவங்களை நானே பாத்திருக்கேன். உங்க தம்பி கதை அப்படித் தெரியல, இருந்தாலும் ஊகத்துல விடக் கூடாது.

இ.இ.ஜி நார்மல்னா வலிப்பு இல்லன்னு அர்த்தம் இல்லம்மா. அரை மணி நேரம் எடுக்குற சாதா இ.இ.ஜி-ல வலிப்பு இருக்குறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவுமே சிக்காது, அதுவும் பிரச்சனை மூளைக்குள்ள ஆழமா இருந்தா தலைக்கு மேல ஒட்டுற எலெக்ட்ரோடுக்கு அது எட்டவே எட்டாது. அதனால வீடியோ இ.இ.ஜி பண்ணணும், ஆஸ்பத்திரியில சில நாள் தங்கவச்சு, கேமராவும் இ.இ.ஜி-யும் ராத்திரி பகலா ஓடும், தேவைப்பட்டா மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சு, அட்டாக் வர்றப்போ மூளையில எந்த இடத்துல கிளம்புதுன்னு பிடிப்பாங்க. (வீட்டுல நீங்களா மாத்திரையைக் குறைச்சுப் பாத்துடாதீங்க, அது ஆபத்து.) ஸ்கேனும் அதே கதைதான், தலைவலிக்கு எடுக்குற மாதிரி எம்.ஆர்.ஐ எடுத்தா டெம்போரல் லோப்புக்குள்ள இருக்குற ஹிப்போகேம்பஸ்ங்கற சின்னப் பகுதி சுருங்கி தழும்பாகியிருக்குறது தவறிப் போகும். வலிப்புக்குன்னே தனி புரோட்டோகால் இருக்கு, மெல்லிசு மெல்லிசா, அந்தப் பகுதிக்குக் குறுக்கே வெட்டிப் பாப்பாங்க. பழைய ஃபிலிமையே இதைத் தினமும் பாக்குற ரேடியாலஜிஸ்ட்கிட்ட காட்டினா சில நேரம் "நார்மல்"ங்கறது மாறிடும்.

எதுக்கு இவ்வளவு பாடுன்னா, டெம்போரல் லோப்ல ஒரே இடத்துல இருந்துதான் கிளம்புதுன்னு உறுதியாச்சுன்னா ஆபரேஷன் பண்ணலாம். முகம் மாறியிருக்கும் இப்போ உங்களுக்கு, தெரியும். ஆனா இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. கனடாவுல 80 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மாத்திரை, 2001-ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு நினைவு தப்புற வலிப்பு இல்லாம இருந்தவங்க ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரை பக்கம் 8 சதவீதம். ஆபரேஷன் பக்கம் நாலு பேருக்கு அதனால பாதிப்பு வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன், இந்த ஆபரேஷன்ல ஞாபக சக்தி கொஞ்சம் அடி வாங்குறதும் உண்டு, அதனாலதான் முன்கூட்டியே ஞாபகத்துக்கு டெஸ்ட் வைப்பாங்க. ஆனா மாத்திரை பக்கம் ஒருத்தர் இறந்து போனார். நிக்காம வர்ற வலிப்பை அப்படியே விட்டு வைக்கிறதும் சேஃப் இல்ல, எங்க ஆளுங்களே இதைச் சொல்லத் தயங்குறாங்க. இன்னொரு ட்ரையல்ல, ரெண்டு மருந்து தோத்து ரெண்டு வருஷத்துக்கு மேல போகாதவங்களுக்கு சீக்கிரமே ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்னு 200 பேரைச் சேர்க்கத் திட்டம் போட்டாங்க, 38 பேரோட நின்னு போச்சு, அவ்வளவு தயக்கம். அதுலயும் 15-ல 11 பேருக்கு ரெண்டாவது வருஷம் முழுக்க அட்டாக் இல்ல, மாத்திரை மட்டும் எடுத்த 23 பேர்ல ஒருத்தர் கூட அப்படி இல்ல.

சரி, ட்ரையல். சோதனை எலிங்கற பயம் தேவையில்ல, இன்னிக்கு நாம எழுதிக் கொடுக்குற புது வலிப்பு மாத்திரை எல்லாமே யாரோ சில பேர் இப்படிச் சேர்ந்ததாலதான் வந்துச்சு. டம்மி மாத்திரை உண்மைதான், ஆனா ஏற்கனவே சாப்பிடுற மருந்தை நிறுத்த மாட்டாங்க, அதுக்கு மேல கூடுதலா புது மருந்தோ டம்மியோ வரும், எது யாருக்குன்னு டாக்டருக்கும் தெரியாது. டம்மி ஏன் வேணும்னா, வலிப்பு ரொம்ப மோசமா இருக்குற நேரத்துலதான் ஜனங்க ட்ரையலுக்கு வருவாங்க, அந்த மோசம் தானாவே கொஞ்சம் குறையும், ஒப்பிட ஆள் இல்லன்னா அது மருந்தோட சாதனைன்னு எழுதிடுவாங்க. அப்புறம் இந்த ட்ரையல்ல "வெற்றி"ங்கறது பெரும்பாலும் அட்டாக் பாதியா குறையுறதுதான், முழுசா நிக்கிறது இல்ல. நாலு வந்தது ரெண்டாச்சுன்னா அவங்களுக்கு வெற்றி, உங்க தம்பி அப்பவும் வண்டி ஓட்ட முடியாது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, 112 ட்ரையலைச் சேர்த்து 2011-ல பாத்தப்போ, வலிப்பால திடீர்னு வர்ற மரணம் டம்மி பக்கம்தான் பல மடங்கு அதிகமா இருந்துச்சு, மொத்த எண்ணிக்கை ரொம்பக் குறைவுதான், ஆனா டம்மி எத்தனை வாரம்னு கேக்குறதுக்கு அது போதுமான காரணம். அட்டாக் அதிகமானா நடுவுல வெளிய வரலாமா, அவசரத்துக்கு என்ன மருந்து கையில தருவீங்க, முடிஞ்சதும் எல்லாருக்கும் நிஜ மருந்து கொடுப்பீங்களா, பாதிப்பு வந்தா செலவு யாருதுன்னும் கேளுங்க. முகம் சுளிச்சா அந்த இடமே வேண்டாம்.

என் கருத்து, முதல்ல வீடியோ இ.இ.ஜி-யும் சரியான எம்.ஆர்.ஐ-யும் முடியட்டும். ஆபரேஷனுக்கு ஆகாதுன்னு வந்தா, அப்போ ட்ரையல் நல்ல வழிதான், தைரியமா சேருங்க. அதுவரைக்கும் ஆழமான தண்ணியில தனியா இறங்க வேண்டாம், குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம், அட்டாக் 5 நிமிஷம் தாண்டினா காத்திருக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதல. ஒரு கை பட்டனைத் தடவுறப்போ இன்னொரு கை என்ன பண்ணுது? விறைச்சு முறுக்கிக்கிச்சுன்னா, எந்தக் கை முறுக்குதோ அதுக்கு எதிர்ப்பக்க மூளையில இருந்து கிளம்புதுன்னு ஒரு நல்ல துப்பு கிடைக்கும். அடுத்த தடவை வரும்போது போன்ல எடுங்க, முகமும் ரெண்டு கையும் தெரியணும், நடுவுல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை சொல்லி வச்சு தெளிஞ்சதும் ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. செல்ஃபி கேமரா வேண்டாம், சில போன்ல அது இடதை வலதா மாத்திக் காட்டும்.