சலைன் புட்டியில் தொடங்கும் பாடம்

வாசகர் கேள்வி – பதில்

செவிலியம், ஆய்வக நுட்பம், இயன்முறை மருத்துவம், மருந்தாளுமை ஆகிய படிப்புகளில் முதலாண்டில் இருக்கும் வாசகர்கள் பலர், அடிப்படை உயிரணு உயிரியல் பாடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, செவிலியர் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நோயாளியின் அருகில் செல்வதற்கு முன்பே மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு, லைசோசோம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். வார்டில் யாரும் கோல்கை உறுப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இந்தப் பாடம் உண்மையில் எங்களுக்கு எதற்குப் பயன்படும்?

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானதுதான். ஆனால், குறை இருப்பது பாடத்தைத் தொடங்கும் இடத்தில் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வகுப்புகள், 1665ஆம் ஆண்டு இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட வெற்று அறைகளில் தொடங்கி, நேராக உயிரணுவின் உள்ளுறுப்புகளின் பெயர்ப் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. மருத்துவப் பணிக்கு வரப்போகிறவருக்கு ருடால்ஃப் ஃபிர்ஷோவிடமிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வோர் உயிரணுவும் முன்பிருந்த ஓர் உயிரணுவிலிருந்தே தோன்றுகிறது என்று 1855இல் எழுதிய அந்த ஜெர்மானிய மருத்துவர், 1858இல் பெர்லினில் நிகழ்த்திய விரிவுரைகளில், நோயைத் தேட வேண்டிய இடமும் உயிரணுவே என்று வாதிட்டார்.

அவர் சொன்னதை இன்றும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் காணலாம். மாரடைப்பு என்ற ஐயம் எழும்போது இதயத் தசையிலுள்ள ட்ரோப்போனினையும், கல்லீரல் பாதிப்பை அறிய ஏஎல்டி என்னும் நொதியையும் அளக்கிறார்கள். இரண்டும் உயிரணுக்களுக்குள்ளே இருக்க வேண்டிய புரதங்கள். இரத்தத்தில் அவை மிகுந்திருந்தால், எங்கோ சவ்வுகள் சிதைந்து உள்ளிருந்தவை வெளியே கசிந்துவிட்டன என்று பொருள்.

கோல்கை உறுப்பையும் நீங்கள் வார்டில் சந்திக்கத்தான் போகிறீர்கள், வேறொரு பெயரில். கணையத்தின் பீட்டா செல்கள் முதலில் உருவாக்கும் புரோஇன்சுலின், கோல்கை உறுப்பின் வழியாகச் சிறு பைகளுக்குள் அடைக்கப்படுகிறது. அங்கே அது வெட்டப்பட்டு, இன்சுலினாகவும் சி-பெப்டைடாகவும் சம எண்ணிக்கையில் பிரிகிறது. ஊசி மூலம் செலுத்தும் இன்சுலினில் சி-பெப்டைட் இல்லை. ஆகவே, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவரின் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்பதை அறிய, மருத்துவர் சி-பெப்டைட் பரிசோதனைக்கு எழுதுகிறார். பெயர்ப் பட்டியலாகப் படித்தால் மறந்துபோகும் உறுப்பு, இப்படிப் படித்தால் நினைவில் நிற்கும்.

கேள்வி: சவ்வூடு பரவலைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதை ஏன் மறுபடியும் இவ்வளவு விரிவாக நடத்துகிறார்கள்? சலைனில் உப்பு ஏன் சரியாக 0.9 சதவீதம் இருக்க வேண்டும்?

பதில்: முதலாண்டுப் பாடம் முழுவதிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் நன்றாகப் படிக்க முடியும் என்றால், நான் செல் சவ்வையும் அதன் வழியாக நீரும் அயனிகளும் நடமாடுவதையும்தான் தேர்ந்தெடுப்பேன். பள்ளியில் நீங்கள் படித்தது உருளைக்கிழங்குத் துண்டைப் பற்றி. இப்போது நீங்கள் படிப்பது, தவறினால் உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி.

இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 285 முதல் 295 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் சோடியம் குளோரைடு கரைந்த 0.9 சதவீத சலைனில் 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் இருப்பதால், கூட்டினால் 308 வருகிறது. இரண்டும் நெருங்கிய அளவுகள் என்பதால் சிவப்பணுவுக்குள் நீர் புகுவதும் இல்லை, அதிலிருந்து வெளியேறுவதும் இல்லை. உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரைச் சிரையில் செலுத்தினால், அந்த இடத்திலுள்ள சிவப்பணுக்களுக்குள் நீர் பாய்ந்து, அவை உப்பி வெடித்துவிடும். மாறாக, 3 சதவீத உப்புக் கரைசல் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். மூளை வீங்கியிருக்கும் நோயாளிக்குத் தக்க கண்காணிப்புடன் அதைக் கொடுப்பதற்குக் காரணம் அதுவே.

இங்கே மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல், பையில் இருக்கும்வரை பிளாஸ்மாவுக்கு ஒத்த செறிவுடையது. உடலுக்குள் சென்றதும் உயிரணுக்கள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது வெறும் நீர். அந்நீர் உயிரணுக்களுக்குள் பரவும். தலையில் அடிபட்டு மூளை வீங்கும் நிலையில் இருப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸைத் தவிர்ப்பதன் காரணம், இந்தப் பாடத்தின் இரண்டாவது வாரத்திலேயே உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: ஆய்வக நுட்பம் படிக்கிறேன். செயல்முறைப் பயிற்சியின்போது நான் எடுத்த இரத்த மாதிரியைச் சிவப்பணுக்கள் சிதைந்துவிட்டன என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பொட்டாசியம் பரிசோதனைக்கு அது ஆகாது என்றார்கள். சோடியத்தை விட்டுப் பொட்டாசியத்தை மட்டும் குறிப்பிட்டது ஏன்?

பதில்: உயிரணுவுக்கு உள்ளும் வெளியும் ஒரேபோல் இல்லை என்பதுதான் இதற்கு விடை. பொட்டாசியம் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் அளவே உள்ளது. உயிரணுவுக்குள் ஏறத்தாழ 140. சோடியம் இதற்கு நேர்மாறாக வெளியே மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காப்பது சவ்வில் பதிந்துள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ இதைப் பற்றி 1957இல் எழுதினார்; 1997இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை அது உள்ளே கொண்டுவருகிறது.

மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சினாலோ, குழாயை மென்மையாகக் கவிழ்த்துக் கலப்பதற்குப் பதிலாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். அவற்றில் சிறு பங்கு உடைந்தாலே போதும், பிளாஸ்மாவின் பொட்டாசியம் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். அந்த எண்ணை நம்பி, நலமாக இருக்கும் ஒருவருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சிகிச்சை அளித்தால் விளைவு விபரீதமாகும். ஆகவே, உங்கள் மாதிரியைத் திருப்பி அனுப்பியவர் நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். இதனுடன் இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். செல்களிலிருந்து பிளாஸ்மா பிரிக்கப்படாத இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால், ஒரு செல்கூட உடையாமலேயே பொட்டாசியம் உயரும். குளிரில் பம்ப் மந்தமாகிவிடும், கசிவோ தொடரும். மாதிரியின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: ‘செல்’ என்று எழுதுவதா, ‘உயிரணு’ என்று எழுதுவதா?

பதில்: இரண்டும் சரி. தமிழ்ப் பாடநூல்களில் ‘செல்’ வேரூன்றிவிட்டது. ஆனால், மருத்துவம் அறியாத நோயாளியிடம் பேசும்போது ‘உயிரணு’ என்று சொல்லிப் பாருங்கள். அச்சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.

கேள்வி: வயிற்றுப்போக்கில் உடல் எதையும் தக்கவைக்காதபோது, வாய்வழி நீரேற்றக் கரைசல் மட்டும் எப்படி உள்ளே செல்கிறது? அதில் சர்க்கரை சுவைக்காகவா?

பதில்: சுவைக்காக அன்று. குடலின் உட்சுவர்ச் செல்களில், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இத்தகைய இணைக் கடத்தல் நடைபெறுகிறது என்னும் கருத்தை 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் இராபர்ட் கிரேன் முன்வைத்தார். சோடியமும் குளுக்கோஸும் உள்ளே செல்லும்போது நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. காலராவில் நச்சு, குடல் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறைப் பெருகச் செய்து, குளோரைடு வாயில்களைத் திறந்துவிடுகிறது. அதனால் நீர் வெள்ளமாக வெளியேறுகிறது. ஆனால், இணைக் கடத்தியை அந்த நச்சு தொடுவதில்லை. வெளியேறும் வாயில் திறந்து கிடக்கும்போதும் உள்ளே வரும் வாயில் பழுதின்றி இயங்குகிறது என்னும் ஒரே உண்மை எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கிறது. உயிரணு உயிரியலில் இதைவிட அழகான பக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் கரைசலில், லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் 75 மில்லிமோல் குளுக்கோஸும் உள்ளன. மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். அன்பு மிகுதியால் யாராவது கூடுதலாகச் சர்க்கரை சேர்த்தால், குடலுக்குள் செறிவு உயர்ந்து, உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படும், வயிற்றுப்போக்கு கூடும். பொட்டலத்தில் சொல்லப்பட்ட அளவு நீரில் மட்டுமே கலக்க வேண்டும் என்று தாய்மார்களிடம் வற்புறுத்தும்போது, அந்தக் காரணத்தையும் எளிமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனைக்கு ஏன் மூன்று மாதம் என்ற கணக்கு?

பதில்: சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். உட்கருவும் இல்லை, புரதத்தை உருவாக்கும் ரைபோசோமும் இல்லை என்பதால், அது தன் ஹீமோகுளோபினைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் அந்த ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆகவே, ஒட்டியிருக்கும் அளவு, அந்தச் செல்கள் வாழ்ந்த ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிறது. சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய் உள்ளவரிடமும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவரிடமும் இந்த அளவு தவறாக வழிகாட்டும்.

கேள்வி: ஒரு செல் இரண்டாகும் மறைமுகப் பிரிவின் நிலைகளை வரைந்து வரைந்து சலித்துவிட்டேன். புற்றுநோய் வார்டில் பணிபுரிய விரும்புகிறேன். இது அங்கே உதவுமா?

பதில்: நேரடியாகவே உதவும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, டியூபுலின் புரதத்தோடு பிணைந்து நுண்குழல்கள் உருவாகவிடாமல் தடுக்கிறது. குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் இந்த நுண்குழல்களால் ஆனவை. இழைகள் இல்லையேல் பிரிவு நடுவழியில் நின்றுவிடும். வேதிச்சிகிச்சை மருந்துகள் பலவற்றால் முடி உதிர்வதும், வாயில் புண் வருவதும், வெள்ளணுக்கள் குறைவதும், அந்தத் திசுக்களின் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதனால்தான்.

அப்படியானால், பிரியவே பிரியாத நரம்புச் செல் வின்கிரிஸ்டினால் ஏன் பாதிக்கப்படுகிறது, விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன என்று நீங்கள் கேட்க வேண்டும். நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானில் பொருள்களை ஏற்றிச்செல்லும் தண்டவாளங்களும் அதே நுண்குழல்கள்தாம். இந்த மருந்து சிரை வழியாக மட்டுமே செலுத்தப்பட வேண்டியது. தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் மரணத்தில் முடியும். நீங்கள் சலிப்போடு வரையும் அந்தக் கதிர்கோல் இழைகளை, மருந்துறையின் எச்சரிக்கையைப் படிக்கும் நாளில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நோய்நுண்ணுயிர் எதிர்மருந்து பாக்டீரியாவைக் கொல்லும்போது, நம் செல்களை ஏன் விட்டுவிடுகிறது? சளிக்கு அது ஏன் உதவாது?

பதில்: பாக்டீரியாவைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கான் என்னும் சுவர் உண்டு, நம் செல்களுக்கு இல்லை. பென்சிலின் அச்சுவரின் பின்னலைத் தடுப்பதால், வலுவிழந்த இடத்தில் நீரின் அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. பாருங்கள், மீண்டும் சவ்வூடு பரவல். வேறு சில மருந்துகள் பாக்டீரியாவின் 70எஸ் ரைபோசோமைத் தாக்குகின்றன (எஸ் என்பது படியும் வேகத்தைக் கொண்டு அளவைக் குறிக்கும் அலகு). நம் சைட்டோபிளாசத்தில் இருப்பது 80எஸ். ஆனால், நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் பாக்டீரியாவினுடையவற்றை ஒத்திருப்பதால், லினசோலிட் போன்ற மருந்தை நீண்ட நாள் கொடுத்தால் ஆற்றல் உற்பத்தி தடைப்பட்டு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரலாம். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரசுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. அம்மருந்துகள் தாக்குவதற்கு அதனிடம் எதுவுமில்லை.

கேள்வி: பள்ளியில் அறிவியல் பிரிவு எடுக்காமல் இப்படிப்பில் சேர்ந்தவள் நான். வகுப்பில் எல்லோரும் முன்னே போய்விட்டதுபோல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் நினைக்கும் அளவுக்கு யாரும் முன்னே போகவில்லை, அம்மா. இப்பாடத்தில் மாணவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் உறுப்புகளின் பெயர்கள் அன்று. அயனி, செறிவு, மில்லிமோல், அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் என்னும் நான்கு சொற்கள்தாம். முதல் பத்து நாள்களை அவற்றுக்கே ஒதுக்குங்கள். 0.9 சதவீதக் கரைசலில் 154 எப்படி வந்தது என்பதை, 58.5 என்ற சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடையை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்து, அளவுகளை மனத்தில் நிறுத்துங்கள். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவும், அதைவிடப் பன்மடங்கு சிறிய வைரசும் தத்தம் இடத்தில் அமரும். பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் விட்டு, அது என்ன செய்கிறது, அது நின்றுபோனால் நோயாளிக்கு என்ன ஆகும், அதை நான் எந்தப் பரிசோதனையில் அல்லது எந்த மருந்தில் சந்திப்பேன் என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கான இடம் முதலாண்டில் வெறுமையாகவே இருக்கலாம். அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் வார்டுப் பயிற்சிக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் பார்த்து அந்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பலாம்.