அழிக்கும் பொத்தான்

கேள்வி: சமையலறையில் வேலை செய்தபடி பாடும்போது குரல் தாராளமாக வருகிறது. மைக்கை இணைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டால் தொண்டை இறுகிக் குரல் நடுங்குகிறது. நேற்று ஒரே பல்லவியைப் பாடுவதும் கேட்பதும் பிடிக்காமல் அழிப்பதுமாக முப்பது தடவைக்கு மேல் ஆகிவிட்டது. பதற்றம் நீங்கவும் பிசிறில்லாமல் பாடவும் வழி உண்டா?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: பதற்றத்துக்கு மூச்சுப் பயிற்சி, தொண்டைக்குப் பனங்கற்கண்டு என்று சொல்ல நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. என் கண் போய் நின்றது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட 'அழிப்பதுமாக' என்ற இடத்தில்தான். முப்பது தடவை பாடியதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. முப்பது தடவை அழித்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1960களிலும் 70களிலும் பி.பி.சி. நிறுவனம் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டு அதே நாடாக்களில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. அதற்காக அவர்களை நான் இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாலும், நாடா விலை அதிகம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணமாவது இருந்தது. உங்களுக்கு என்ன செலவு? உயர்ந்த தரத்தில் பதிவு செய்தாலும் ஒற்றைக் குரல் நிமிடத்துக்கு ஒன்பது எம்பியைத் தாண்டாது. நான்கு நிமிடப் பாட்டை முப்பது தடவை முழுதாகப் பாடினாலும் ஏறக்குறைய ஒரு ஜிபிதான் ஆகும். உறவினர் குழுவில் ரோஜாப்பூவோடும் விளக்கோடும் வந்து குவியும் காலை வணக்கப் படங்கள் இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உங்கள் கைப்பேசியில் சுகமாக இருக்கும். அவற்றை அழிக்க மனம் வராத நீங்கள் உங்கள் குரலை அழித்திருக்கிறீர்கள்.

1902ஆம் ஆண்டு நவம்பரில், கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மைக் கிடையாது, ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும், கூம்பின் மறுமுனையில் இருக்கும் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனை முதல் முடிப்பு வரை எல்லாம் அடங்க வேண்டும். தட்டை அச்சடிக்கும் ஜெர்மானியர்களுக்கு யார் பாடியது என்று தெரிவதற்காக, கடைசியில் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெழுகுத் தட்டைப் போட்டுக் கேட்டால் அந்தக் கோடுகள் சிதைந்துவிடும் என்பதால், கேட்டுப் பார்த்த தட்டை அச்சுக்கு அனுப்ப முடியாது. அச்சுக்குப் போக வேண்டிய பாட்டைப் பாடகியே கேட்க வேண்டுமானால், அது ஹனோவர் நகரத்துக்குக் கப்பலேறிப் போய், இசைத்தட்டாகித் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கௌஹர் ஜானுக்கும் கூம்பின் முன்னால் நெஞ்சு படபடத்திருக்கலாம்; ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தாமே தீர்ப்பு எழுதும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

உங்களுக்கு அந்த வசதி இருப்பதுதான் தொல்லை. பாடி முடித்த சூட்டோடு கேட்கிறீர்கள், பிடிக்கவில்லை, அந்தப் பிடிக்காமையைத் தொண்டையில் வைத்துக்கொண்டே அடுத்த தடவை பாடுகிறீர்கள், அது இன்னும் இறுகுகிறது. முதலில் பிடிக்காமல் போவதற்குக் காரணம் உங்கள் பாட்டுகூட இல்லை. நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் காதின் உட்புறத்தை எட்டுவதால், கீழ்ச்சுருதி நாதம் கூடுதலாகச் சேர்ந்து கனமாகக் கேட்கிறது. மைக்குக்கு அந்த எலும்பு கிடையாது. ஆகவே பதிவில் கேட்பது மெலிந்த, அந்நியமான ஒரு குரலாக இருக்கிறது. உங்கள் அக்காவிடம் கேட்டால், அதுதான் உன் குரல் என்பார். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கே தம் குரல் பிடிக்காமல், அதை ஏதாவது செய்து மாற்றச் சொல்லிப் பொறியாளர்களை வாட்டியிருக்கிறார். 1966இல் அவர்களில் ஒருவரான கென் டவுன்செண்ட், பாடிய குரலையே இரட்டிப்பாக்கிக் காட்டும் ஓர் உத்தியைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

எனவே பதிவு செய்யும் நாளில் கேட்காதீர்கள். சுருதி சேர்க்கும் முன்பே பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். தண்ணீர் குடிப்பது, செருமுவது, பாட்டை முணுமுணுப்பது எல்லாம் பதிவாகட்டும். அரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் பதிவைத் தொண்டை மறந்துவிடும். இறுக்கம் எல்லாமே மனத்தில் இருந்து வருவது என்றும் எண்ண வேண்டாம்: ஹெட்போனில் உங்கள் குரல் இம்மியளவு தாமதமாக வந்து விழுந்தாலும் தாளமும் நிதானமும் தடுமாறும், ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் பாதித் தடுமாற்றம் அப்போதே போய்விடும். ஒலி அளவு உச்சத்தைத் தொட்டுவிடுமோ என்று பயந்து அடக்கிப் பாட வேண்டாம், அளவைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மறுநாள் காப்பி குடித்த பிறகு கேட்டு, நன்றாக வந்த வரிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைப்பாடகர்களும் இப்போது வரி வரியாகத்தான் பாடிச் சேர்க்கிறார்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில், கேசட்டில் பதியும் நான்கு தடக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பாடினார். இசைக்குழுவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கத்தானே என்ற நினைப்பில் பாடிய கேசட், உறைகூட இல்லாமல் அவர் கால்சட்டைப் பையில் சில வாரம் திரிந்தது. பிறகு முழுக் குழுவோடு ஸ்டூடியோவில் திரும்பத் திரும்ப முயன்றும் அந்த உயிர் வரவில்லை என்று, அந்தக் கேசட்டில் இருந்ததையே அதே ஆண்டு செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். இதுவே இறுதிப் பதிவு என்று அன்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், அவருக்கும் தொண்டை இறுகியிருக்கும்.

பிசிறைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிசிறில்லாத குரல்தான் தகுதி என்றால், 1947இல் கரகரத்த குரல் கொண்ட கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு சங்கீத கலாநிதி விருது கிடைத்திருக்காது. இதைப் படித்ததும் யாராவது உங்களிடம், பாடிய குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைப் பரிந்துரைப்பார்கள். 1997இல் அது வந்த நாள் முதல் எனக்கு அதோடு சண்டை. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன்பு எண்ணெய் நிறுவனங்களுக்காக நில அதிர்வு அலைகளை அலசிக்கொண்டிருந்தவர், கெட்டிக்காரர். குறை அவரிடம் இல்லை. பன்னிரண்டு சுரத்தானங்களில் நிறுத்தும்படி அதை முடுக்கிவிட்டுத் தோடி ராகத்தைப் பாடிப் பாருங்கள்: ஓரிடத்தில் நில்லாமல் அசைந்தாடுவதே தோடியில் காந்தாரம் என்ற 'க' சுரத்தின் அழகு, மென்பொருளோ அந்த அசைவையே பிழை என்று எண்ணித் தட்டிச் சமன் செய்துவிடும். நான் இப்படி எழுதும்போதெல்லாம் சேலத்தில் ஓர் ஒலிப்பதிவாளர், மென்பொருளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவன் என்று என்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதுவார். அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை.