ஒதுக்கப்பட்ட இடம் பொதுப்பிரிவுக்குப் போகலாமா?

கேள்வி: பட்டப்படிப்பு முடித்த என் மகளுக்குக் காது கேளாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்திருக்கிறோம். ஓர் அரசு அலுவலகத்தில் விசாரித்தபோது, ‘தகுதியான ஆள் கிடைக்காததால் அந்த இடம் பொதுப்பிரிவுக்குப் போய்விட்டது’ என்றார்கள். இது சரியா? தனியார் நிறுவனங்களுக்குக் கடமை ஏதும் இல்லையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவ்வளவு எளிதாக மாற்றிவிட முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 4 சதவீதமாக உயர்த்தியது. அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தோருக்கே உரியது. ஓர் ஆண்டில் தகுதியானவர் கிடைக்காவிட்டால் காலியிடத்தை அடுத்த ஆட்சேர்ப்பு ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், அப்போதும் கிடைக்காவிட்டால் பார்வை, உடலியக்கம் முதலான பிற குறைபாட்டுப் பிரிவினருக்கு வழங்க வேண்டும் என்றும், அவர்களிலும் எவரும் இல்லாதபோதுதான் மற்றவரை நியமிக்கலாம் என்றும் 34ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அரசாணை மூலம் விலக்குப் பெற்ற பணிகள் மட்டுமே இதில் சேரா. ஆகவே, அந்தக் காலியிடம் எந்த ஆண்டுக்குரியது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதா, விலக்கு இருந்தால் அதன் ஆணை நகல் எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் இதற்கென ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் 2 வாரத்துக்குள் விசாரித்தாக வேண்டும். அதிலும் நிறைவில்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழுவை அணுகலாம்.

ஆள் கிடைக்கவில்லை என்ற பதிலை நான் எளிதில் நம்புவதில்லை. நேர்முகத் தேர்வுக்குத் தொலைபேசியில் அழைத்து, பதில் இல்லையென்று பெயரை நீக்கினால், காது கேளாத பெண்ணின் தகுதி அங்கே சோதிக்கப்படவே இல்லை. குறுஞ்செய்தியில் தகவல் தரும்படியும், சைகைமொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படியும் விண்ணப்பத்துடனேயே எழுதிக் கொடுத்து, நகலுக்கு ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

தனியாருக்கு இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. பணியாளர்களில் 5 சதவீதத்தினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க, அரசு தன் பொருளாதார வலிமைக்கேற்ப ஊக்கச்சலுகை தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. அதன் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து. ஆயினும், சமவாய்ப்புக் கொள்கையை வகுத்து வெளியிடுவது தனியார் நிறுவனங்களுக்கும் கடமை. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமானால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்குமுன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.